அண்ணாவியார் நிறுத்திய இடம்

10.2.1964, திங்கள்

காலையில் கதிர்காமநாதன் மாஸ்டர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத் திறப்புக்கு வித்தியாதிகாரி வருகிறாராம். பன்னிரண்டு பிள்ளைகள் பாடிக்கொண்டு கோலாட்டம் ஆட வேண்டும். பாட்டு, கூத்துப் பழக்கும் வீரகத்தி அண்ணாவியாருடையது. குளம் நிரம்பி வான் பாய்வதைப் பற்றியது. அவருக்கோ அறுவடை. பிள்ளைகளைப் பழக்க நேரமில்லை.

"விசுவமடுவிலேயே ஆர்மோனியம் உங்களிட்டைத்தான் இருக்கு. என்ன செய்யலாம் அம்மா?"

"அவர் ஒருக்கால் வந்து பாடட்டும். பிறகு ஆள் தேவையில்லை, தாள் போதும்."

மாஸ்டர் சிரித்தார். என் கணவர் உயிரோடிருந்தால் அவரும் இப்படித்தான் சிரித்திருப்பார். என் பாட்டுத் தாள்களை "எறும்பு ஊர்வலம்" என்பார். ஐந்து கோடு போட்டு இசை எழுதுவதை இந்தக் குடியேற்றத்தில் ஒருவரும் கண்டதில்லை. காணட்டும்.

13.2, வியாழன்

அண்ணாவியார் தலையில் வைக்கோல் தூசியோடு வந்தார். போட்ட கதிரையில் உட்காராமல் முற்றத்திலேயே நின்றார்.

"எழுதி என்ன செய்வியள் அம்மா? பாட்டைக் காயவைப்பியளோ?"

நான் பென்சிலைச் சீவினேன்.

ஒரே தரம் பாடினார். நான் தலை நிமிராமல் எழுதினேன். ஆறு கண்ணி, ஒரு சுரம் தவறவில்லை. இரண்டாம் கண்ணியின் நடுவில் ஓர் எண்ணிக்கை மௌனம். மிக அழகான நிறுத்தம்! இந்த மனிதருக்கு இவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது? மற்றக் கண்ணிகளில் நிறுத்த மறந்துவிட்டார். மனத்தில் வைத்துப் பாடுகிறவர்களின் குறை இதுதான். நான் ஒழுங்குபடுத்தி ஆறிலும் எழுதிவிட்டேன்.

17.2, திங்கள்

பழக்கம் தொடங்கியது. முன்னுக்கு நிற்கிறவள் ஜெகதீஸ்வரி. பதினொரு வயது, வாய்க்காரி.

"இதில ஏனம்மா கோலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறது?"

"எழுதியிருக்கிறது. நில்."

21.2, வெள்ளி

நிறுத்தம் பிடிபட்டுவிட்டது. இருபத்துநாலு கோலும் மேலே. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

27.2, வியாழன்

அண்ணாவியார் பார்க்க வந்தார். பிள்ளைகள் நின்றார்கள்.

"ஏன் இதுகள் மூச்சுப் பிடிக்குதுகள்?"

"நீங்கள்தானே நிறுத்தினீங்கள்."

யோசித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ அம்மா, அது நான் வெத்திலை துப்பினது!"

மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

கன்னியர் மடத்தில் சங்கீதத்துக்குப் பதக்கம் வாங்கினவள் நான். துப்பலை எழுதி வைச்சிருக்கிறன்! ஒன்றில்லை — ஆறு கண்ணிக்கும் ஆறு துப்பல்! ஏன் ஒருக்கால் தலை நிமிர்ந்து பார்க்கேல்லை?

28.2, வெள்ளி

றப்பரால் அழிக்க ஒரு நிமிடம். தாள் சுத்தம். பிள்ளைகளிடம், "இனி நிற்காமல் ஆடுங்கள்" என்றேன். ஆறு பேர் நின்றார்கள், ஆறு பேர் ஓடினார்கள். கோல் விரலில் பட்டு ஒருத்தி அழுதாள்.

ஜெகதீஸ்வரி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "உங்கட தாளில அழிச்சிட்டியள். எங்கட வாயில எப்பிடி அழிக்கிறது?"

பழையபடி நிற்கச் சொன்னேன். அதுவும் சரிவரவில்லை. குழப்பியது நான்தான். எந்தக் கண்ணியில் நிற்பார்கள், எதில் ஓடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நாளைக்குத் திறப்பு விழா. "எல்லோரும் ஜெகதீஸ்வரியைப் பார்த்து ஆடுங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

மருமகள் நாகேஸ்வரி சோறு போடும்போது சொன்னாள்: "மாமி, நீங்களும் அவளைப் பார்த்து வாசியுங்கோவன்."

"தாள் இல்லாமலோ?"

"ஓம். ரெண்டையும் பாக்க உங்களுக்கு நாலு கண்ணே?"

நாற்பத்தெட்டு வருடம் தாள் இல்லாமல் நான் ஆர்மோனியக் கட்டையைத் தொட்டதில்லை. ஊரே பார்த்துச் சிரிக்கப் போகிறது.

29.2, சனி

தாளைக் கைப்பையில் வைத்துப் பூட்டினேன்.

முதற் கண்ணியில் ஜெகதீஸ்வரி நின்றாள், நின்றேன். இரண்டாவதில் நின்றாள். மூன்றாவதில் ஓடினாள் — ஓடினேன்! ஓரிடத்தில் கறுப்புக் கட்டை ஒன்று தவறாய் விழுந்தது. வித்தியாதிகாரிக்குத் தெரியவில்லை. அண்ணாவியாருக்குத் தெரிந்தது, கண்ணைச் சிமிட்டினார். நாலாம் கண்ணிக்குப் பிறகு என் கைகளை நான் பார்க்கவேயில்லை. அந்தச் சின்னவளின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறினால் நிற்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. இதை எந்தத் தாளில் எழுதுவது?

இன்னொருமுறை ஆடச் சொன்னார்கள். முடிந்தபின் வித்தியாதிகாரி கேட்டார்: "அந்த நிறுத்தங்கள் நல்ல கற்பனை. யாருடையது?"

என்னுடையது என்று வாய்வரை வந்தது. "அண்ணாவியாருடையது," என்றேன்.

"இல்லை ஐயா, அது அம்மான்ர," என்றார் அண்ணாவியார். "நான் துப்பினது மட்டுந்தான்."

மாஸ்டருக்கு இம்முறை திரும்பிக்கொள்ளக் கரும்பலகை இல்லை. நானும் சிரித்துவிட்டேன், எல்லோருக்கும் முன்னால்.

14.3, சனி

நெல்லுச் சூடு மிதித்து முடிந்ததென்று கேள்விப்பட்டு, காலையில் அண்ணாவியார் வளவுக்குப் போனேன். பென்சில் கொண்டுபோகவில்லை. இன்னொரு பாட்டு, நாலு வரி சொல்லித் தந்தார். மூன்றாவதில் பிசகினேன்.

"முதல்ல இருந்து வாங்கோ அம்மா."

ஏழு தரம் முதலிலிருந்து வந்தேன். எட்டாம் தரம் தலையாட்டினார்.

மறந்துபோகும் என்ற பயத்தில் வழிமுழுக்கப் பாடிக்கொண்டு நடந்தேன். மாஸ்டர் சைக்கிளில் எதிரே வந்து, இறங்கி, "எங்கை அம்மா போயிட்டு வாறியள்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் மூன்றாம் வரி போய்விடும்.