முகம் பார்க்காத கடை

மார்ச் 4, செவ்வாய்

வியாபாரம் மந்தம். இரண்டு துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டேன், கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தேன். மதியம் கடையின் வக்கீல் வந்தார். அந்த அம்மா எங்கள் கடை மீது போட்ட வழக்கு இந்த மாதமே விசாரணைக்கு வருகிறதாம்.

"லைசென்ஸ் பார்த்துத்தானே வித்தீங்க, அதுவரைக்கும் பயமில்ல. ஆபத்துன்னு தெரிஞ்சே வித்தீங்கன்னு ஆச்சுன்னா கதை கந்தல்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான்.

மார்ச் 5, புதன்

மறந்து தொலைத்தால் தேவலை. முடிகிறதா?

போன வருடம் அந்த அம்மா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "என் பையன் துப்பாக்கி வாங்க வருவான், குடுத்துடாதீங்கம்மா. மருமக பயந்து சாகுறா" என்று போனில் மகனின் படத்தைக் காட்டி, பெயரும் சொன்னார். அன்று மாலையே பெயரோடு அண்ணனிடம் சொன்னேன். "பாப்பா, நாம லைசென்ஸைத்தான் பாக்கணும். மூஞ்சியைப் பாத்தா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சிரித்தான். ஐம்பது வயதிலும் அவனுக்கு நான் பாப்பா. அப்பா காலத்திலிருந்து கடையில் இதுதான் பழக்கம்.

பல்வலி என்று நான் போகாத ஒரு நாளில் அந்த மகன் வந்தான். அண்ணன் விற்றான். அந்த மருமகள் இப்போது இல்லை. அவன் சிறையில். குழந்தை பாட்டியிடம்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணி மாடிக்கு வந்தாள், அதிசயமாக. "ஞாபகமில்லைன்னு சொல்லிடு, போதும். மறதி என்ன குத்தமா? எங்களை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

உண்மைதானே. யாரு இருக்கா எனக்கு? இந்த அறை, ஒரு கட்டில், கீழே அவர்கள் சிரிக்கும் சத்தம். அதுவும் போய்விட்டால்—

மார்ச் 19, புதன்

அண்ணியிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும் இறங்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா சொன்னது, நான் அண்ணனிடம் சொன்னது, அண்ணன் சிரித்தது. அவன் தலை நிமிரவே இல்லை.

வெளியே அந்த அம்மா குழந்தையோடு நின்றார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஏன் வரணும்? அவங்களுக்கு நானும் அந்தக் கடைக்காரிதானே.

ஏப்ரல் 2, புதன்

வாடகை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுகிறார்கள். அடுத்த இருமலுக்குக் காத்திருக்கிறேன். பைத்தியம்தான் பிடிக்கப் போகிறது.

ஜூன் 27, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. லைசென்ஸ் இருந்தாலும், ஆபத்து தெரிந்தும் விற்றதால் கடைக்கும் பொறுப்பு உண்டாம். குழந்தைக்கு நஷ்டஈடு. சரியான தீர்ப்பு. கட்டிக்கொண்டு அழக்கூட ஆளில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் போன். அண்ணன். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஒருத்தன் வந்திருக்கான். பேப்பரெல்லாம் சரியா இருக்கு" என்றான், குரலைத் தாழ்த்தி. "மூஞ்சிதான் சரியில்ல, பாப்பா."

"அனுப்பிடுண்ணா."

"சண்டைக்கு வருவான்."

"வரட்டும்."

போனை மேசையில் வைக்கும் சத்தம். யாரோ கத்தினார்கள். அண்ணன் திரும்பத் திரும்ப "இல்லப்பா, குடுக்க முடியாது" என்றான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பிறகு போனை எடுத்தான். மூச்சு வாங்குவது கேட்டது. அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.