ஒன்று தெரியாத குழந்தை

விஷ்ராந்த்வாடி, புனே
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி ப்ரீத்திக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே எங்கள் இருவரின் முழங்கால்களைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம், ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கிருஷ்ணாவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துக்கொள்ளும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவாள், எங்களோடு இருக்கிற உன் பெண் தீப்தி போனையே பிடுங்கிக்கொள்வாள், இது அவர்கள் இருவரும் கேட்கக் கூடாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே உள்ள அந்தப் பள்ளியிலிருந்து வந்த அறிக்கையைப் படித்துவிட்டு நீ ராத்திரி சாப்பிடாமல் அழுததாக மாப்பிள்ளை சொன்னார். குழந்தைக்கு இரண்டு முதல் இருபது வரை நன்றாகத் தெரிகிறது, ஒன்று என்ற கருத்து மட்டும் இல்லை, அதனால் ஒரு வருடம் கழித்துச் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், பள்ளி இல்லாமல் அவளை அங்கே யார் பார்த்துக்கொள்வது என்று நீயும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாய். ஒண்ணு தெரியாம ரெண்டு எப்படிப்பா தெரியும் என்று அன்றைக்குக் கேட்டாய், நியாயமான கேள்வி. முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன் நான், பதிலை முறையாகவே எழுதுகிறேன்.

கட்டம் போட்ட ஆட்டங்கள் ஆடினால் சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கு தானாக வரும், டிவியை அணைத்துவிட்டுப் பாம்பும் ஏணியும் ஆடுங்கள் என்று மார்ச் மாதம் உத்தரவு போட்டாய் அல்லவா, அன்றைக்கே கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தேன். கூட வந்த பகடையை அறுநூறு தடவை உருட்டிப் பார்த்ததில் நான்கு மட்டும் நூற்றிருபத்தேழு முறை விழுந்தது, தரமற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன், குழந்தைகள் விளையாட்டுத்தானே காகா என்று அவர் மராத்தியில் கெஞ்சினார், மூன்றாவது பகடைதான் தேறியது. ஆட்டம் தொடங்கிய முதல் வாரமே உன் அம்மாவைத் தொண்ணூற்றெட்டில் பாம்பு கடித்தது. இந்த முழங்காலை வச்சுண்டு அத்தனை தூரம் என்னால இறங்க முடியாது, நம்ம பில்டிங் லிஃப்ட் சரியாகட்டும் பார்க்கலாம் என்றாள். அவளுடைய காய் இன்றுவரை தொண்ணூற்றெட்டிலேயே இருக்கிறது, பலகையைத் துடைக்கும்போது எடுத்துத் திரும்ப அங்கேயே வைக்கிறாள். சாயங்காலம் ஆட வருகிற நம் சொசைட்டி செக்ரட்டரி ஜோகளேகர் இதைப் பார்த்துவிட்டு, அறுபது வயது கடந்த உறுப்பினர்களைப் பாம்பு கடிக்கக் கூடாது என்று விசேஷப் பொதுக்கூட்டம் போட்டுத் தீர்மானமே கொண்டுவந்தார். இறங்காதவங்களோட நான் ஆட மாட்டேன் என்று தீப்தி பகடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள், தீர்மானம் அதோடு படுத்துவிட்டது, உன் அம்மா இப்போது வேடிக்கை மட்டும் பார்க்கிறாள்.

இத்தனை கூத்துக்கு நடுவே குழந்தை நன்றாகவே கற்றுக்கொண்டாள். முன்பெல்லாம் பதினெட்டில் நின்றுகொண்டு மூன்று விழுந்தால் பலகையின் முதல் கட்டத்துக்குப் போய் எண்ணத் தொடங்குவாள், இப்போது நிற்கிற இடத்திலிருந்தே பத்தொன்பது, இருபது என்று மேலே போகிறாள். ஆனால் அடுத்த கட்டத்தை இருபத்து லாபம் என்பாள். காரணம் உன் அம்மா. காலையில் ஆழாக்கால் அரிசி அளக்கும்போது முதல் ஆழாக்கை ஒன்று என்று அவள் சொல்வதே இல்லை, பிறந்த வீட்டு வழக்கப்படி லாபம், ரெண்டு, மூணு என்றுதான் அளப்பாள், நீ அங்கே அரிசியைப் பாக்கெட்டோடு குக்கரில் கொட்டுகிறவள், மறந்திருப்பாய். தீப்தி தினமும் கூடவே நின்று எண்ணிப் பழகிவிட்டாள். அவளிடமிருந்து மாடிக் குழந்தைகளுக்கெல்லாம் தொற்றி, லாபம், தோன், தீன் என்று மராத்தியில் எண்ணிக்கொண்டு கீழே கார் நிறுத்தும் கட்டங்களில் குதிக்கிறார்கள். ஜோகளேகருக்குக் கொள்ளை சந்தோஷம். வாசலில் சுப லாபம் என்று எழுதுகிறவர்தானே, தன்னுடைய கார் நிற்கிற முதல் கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டு லாபம் என்றே பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டார், ஒன்றாம் எண் கட்டத்தில் பார்சலை வைக்கச் சொன்னால் இப்போது கூரியர்க்காரர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

இனிமேல்தான் விஷயம். வியாழக்கிழமை வீடியோவில் நடந்த பரீட்சையில் அந்தப் பள்ளி அம்மாள் ஒரே ஒரு கரடி இருக்கிற படத்தைக் காட்டி எத்தனை என்று கேட்டாள், தீப்தி லாபம் என்றாள். மூன்று கரடிக்குச் சரியாக த்ரீ என்றாள். இருபத்தொரு பொத்தான்களை விரல் வைத்து எண்ணி ட்வென்டி லாபம் என்றாள். நீங்கள் இருவரும் ஆபீஸில், உன் அம்மா சமையலறையில், குழந்தை பக்கத்தில் நான் மட்டும். இவள் சொல்வது உங்கள் மொழியில் ஏதாவது எண்ணா என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியவில்லை மேடம் என்றேன். இத்தனை வருஷத்தில் பொய்ச் சான்றிதழில் ஒரு கையெழுத்துப் போடாதவன், ப்ரீத்தி. அவள் தேறினால் ஆகஸ்டில் கிளம்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும், அவள் இல்லாத இந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்காகத்தான் சொன்னேன், வேறு சாக்கு ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நேற்று ஆட்டத்தின் நடுவே குழந்தை, நான் தப்பாச் சொன்னதாலதான் அம்மா என்னைக் கூட்டிண்டு போகலையா தாத்தா என்று கேட்டாள். நீ தப்பே சொல்லவில்லை என்றேன். அப்புறம் யாரு சொன்னா என்றாள்.

அதனால் நாளைக்கே அந்தப் பள்ளிக்கு எழுது, லாபம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்று, குழந்தைக்கு ஒன்றும் தெரியும் அதற்கு மேலும் தெரியும், மறுபடி ஒரு தடவை பாருங்கள் என்று கேள். டிக்கெட்டையும் இப்போதே பார்த்து வை. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீ அழாதே. பெருமாள் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, மறு பரீட்சை வைக்கிற தேதியை உன் அம்மாவிடம் சொல், என்னிடம் சொல்லாதே. அன்று காலையிலேயே என்னைப் பஸ் ஏற்றி சாகண் பக்கம் எங்காவது அனுப்பிவிடச் சொல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மறுபடியும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பட்டாபிராமன்