ரப்பர் பால் பூசிய கால்

சசி,

உன்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போக மச்சான் மூன்று மணி பஸ்ஸில் வருகிறார். சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன், இருவரும் சாப்பிடுங்கள்.

"நீ சிரிக்காம இருக்கறப்ப நான் எப்படிண்ணே போறது?" என்று காலையில் சண்டை போட்டாய். நேற்றே சிரித்துவிட்டேன். தோட்டத்து மேல் லயத்தில் குடியிருக்கும், ரப்பர் பால் வெட்டும் கன்னையா அண்ணனின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனேன். நான் கொடுத்த மருந்தை விட்டுவிட்டு ரப்பர் பால் பூசியிருக்கிறார்.

"இந்தப் பாலுலதானே வெட்டுன மரமே ஆறுது டொக்டர் தம்பி, என் காலு ஆறாதா?" என்றார்.

வாய்விட்டுச் சிரித்தேன். உன் அண்ணி இறந்த பிறகு இதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தைரியமாகப் போய் வா.

அண்ணன்

பி.கு.: நாலரைக்குள் வந்துவிடுவேன். அதுவரை மச்சானைப் பிடித்து வை. கன்னையா அண்ணன் மாதிரி பேசிக் காட்டுகிறேன்.