ஞாயிற்றுக்கிழமைக்கான சன்னங்கள்

இஞ்சாருங்கோ,

இன்று குரோய்டன் போகிற ட்ராமில் ஒரு வெள்ளைக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெழுகு பூசிய கோட்டு, மழையில் நன்றாக நனைந்திருந்தது. ஹீட்டர் சூடு பட்டதும் அதிலிருந்து தேன்மெழுகு மணம் கிளம்பியது. நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை. அவர் எழுந்து போகும்வரை இருந்துவிட்டு, எதிர்ப்பக்க ட்ராம் பிடித்துத் திரும்பினேன். கண் டாக்டரிடம் போகவேண்டிய நேரம் தப்பிவிட்டது. மகளிடம் ட்ராம் பிந்திவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு இப்போது யாரிடமும் கூச்சமில்லை.

தபால் பிரிக்கும் வேலையில் உங்களோடு இருந்த ஒருவர் உங்களைத் துவக்குச் சுட்டுப் பழகுகிற அந்தக் கழகத்துக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனபோது நான் உங்களோடு பேசாமல் இருந்தேன். பிறகு பேசியது போதாதென்று திட்டினேன். யுத்தத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனிதர், தஞ்சம் புகுந்த ஊரில் காசு கட்டி அதே சத்தத்தைக் கேட்கப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம். நீங்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "அங்கை துவக்கு எங்களைப் பாத்தது. இஞ்சை கடதாசியைப் பாக்குது. அவ்வளவுதான்."

அது பழங்காலத்து மாதிரித் துவக்கு, கரிமருந்து போட்டுச் சுடுவது. அதற்குரிய ஈயக் குண்டுகளை, அந்தச் சன்னங்களை, தோட்டத்துக் கொட்டிலில் நீங்களே உருக்கி வார்ப்பீர்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் வளையம் வளையமாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் மெழுகுப் பூச்சு நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் துவக்குக் குழாயில் ஒட்டும், கரி இறுகும், குறி பிசகும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஈயம் வார்ப்பது கொட்டிலில். பூச்சுக் காய்ச்சுவது என் குசினியில் அல்லவா?

கழகத்துக்காரர் சொல்லிக்கொடுத்தது தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும். ஆட்டுக் கொழுப்பு இந்த அடுப்பில் ஏறினால் நான் இந்த வீட்டில் சமைக்கமாட்டேன் என்றேன். பெரிய புத்திசாலி மாதிரி நீங்கள் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தீர்கள். தை மாதக் குளிரில் அது சிப்பி சிப்பியாக உதிர்ந்து, குழாயெல்லாம் ஈயம் அப்பி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தீர்கள். லண்டனில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெந்நீரில் வைத்துத்தானே தலைக்கு வைக்கிறோம், இது தெரியாதா என்று கேட்டேன். பிறகு நல்லெண்ணெயை எடுத்துத் தந்ததும் நான்தான். குளிரில் வெடிக்காமல், வெயிலில் ஒழுகாமல் அது நின்றது. நீங்கள் சுட்டால் வருகிற எண்ணெய் மணத்தில் தங்களுக்குப் பசிக்கிறது என்று கழகத்தில் பகிடி பண்ணுவார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

பிறகு மறதி வந்தது. முதலில் வீட்டுப் பூட்டின் திறப்பு, பிறகு தெரு, பிறகு பேரப்பிள்ளையின் பெயர். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன கொஞ்ச நாளில் பொலிஸ்காரர் ஒருவர் கழகச் செயலாளரோடு வந்து துவக்கை எடுத்துப்போனார். நீங்கள்தான் அலுமாரியைத் திறந்து கொடுத்தீர்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தீர்கள். அடுத்த நாள் காலையில் வெறும் அலுமாரிக்கு முன்னால் நின்று, "துவக்கு எங்கையப்பா?" என்று கேட்டீர்கள். நீங்கள் அலுமாரிக்குள் கையை விட்டுத் தடவியதை என்னால் பார்க்க முடியவில்லை. திருத்தக் கொடுத்திருக்கிறது என்றேன்.

"அப்ப வாறதுக்கிடையிலை சன்னத்தை ஆயத்தப்படுத்துவம்" என்றீர்கள்.

அப்படித்தான் தொடங்கியது. தகரப் பேணியில் மெழுகைப் போட்டு, பேணியை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி, இளகியதும் எண்ணெய் விட்டுக் கலக்கி, தட்டில் நிரையாக நிற்கிற சன்னங்களின் இடுப்பு மூடும்வரை ஊற்றுவீர்கள். இறுகியதும் பித்தளைக் குழாயால் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பீர்கள். கை ஒரு தடவையும் பிசகவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் முழுதாக நீங்கள்தான். "நீர் ஒருக்காலும் மெல்லமா ஊத்தமாட்டீர்" என்று, நான் ஊற்றுகிற முறை வந்தால், என்னைப் பேசுவீர்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஊற்றியிருக்கிறேன். தட்டைக் கழுவி வைத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தால், "நீங்கள் ஆர், பிள்ளையளின்ரை ரீச்சரோ?" என்று மரியாதையாகக் கேட்பீர்கள்.

எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த அடுப்படியில் நீங்கள் என்னை அறிகிற நேரம் போகக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் சன்னம் முடிந்துவிடுமே. கொட்டிலைப் பூட்டியாயிற்று, புதிதாக வார்க்க ஏலாது. ஆகவே மறதிக்காரரைப் பகலில் பார்த்துக்கொள்கிற நிலையத்து வான் வண்டி உங்களை ஏற்றிப்போனதும், பூசிய சன்னங்களைப் பழைய சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பேன். மெழுகு மேலே மிதக்கும், ஈயம் வெறுமையாக அடியில் கிடக்கும். மெழுகை வழித்துப் பேணிக்குள் போட்டு, சன்னங்களைத் துடைத்துத் தட்டில் நிரைப்பேன். நீங்கள் வந்து பார்த்து, இன்னும் இவ்வளவு வேலை கிடக்குதே என்று கையைத் தேய்ப்பீர்கள். சுடப் போகிற ஞாயிற்றுக்கிழமை வந்தால் மழை என்பேன், கழகம் பூட்டு என்பேன். மகள் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தாள். அதில் 'அம்மா' ஒன்றுதான் தமிழ். அப்பாவை ஏமாற்றுகிறாயே, இது சரியா என்று கேட்டாள். எனக்குச் சரி பிழை பார்க்க நேரமிருக்கவில்லை.

ஒருநாள் பார்சல்காரன் மணியடித்தான். நான் கதவைத் திறந்து கையெழுத்து வைப்பதற்குள் நீங்கள் பேணியை நேரே நெருப்பில் வைத்துவிட்டீர்கள். மெழுகு பற்றியது. நான் ஓடிவந்தபோது யன்னல் சீலை எரிந்துகொண்டிருந்தது, நீங்கள் கை வெந்ததுகூடத் தெரியாமல் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சன்னங்கள் விழுந்துவிடக் கூடாதாம்.

தீப்பற்றியதை விசாரிக்க நகரக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து, என்ன சமைத்தீர்கள் என்று உங்களைக் கேட்டாள். "புல்லட்ஸ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள். அவளுடைய பேனை அப்படியே நின்றது. இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். காஸைத் துண்டித்துவிடுகிறேன், பச்சைத்தண்ணீரில் இருந்துகொள்கிறேன், ஆளை மட்டும் என்னோடு விடுங்கள் என்று அவளின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் நல்ல பிள்ளை, அவளும் கண் கலங்கினாள். ஆனால் உங்களைத் தூக்கி நிமிர்த்த என் முழங்கால் விடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. விம்பிள்டன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரோடு வாய்விட்டுச் சண்டை பிடித்தேன். ஐயர் வந்து, அம்மா இருங்கோ என்று தண்ணீர் கொடுத்தார். அந்தக் கிழமையே உங்களை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அங்கே அடுப்பு இல்லை. ஈயம் உள்ளே வரக்கூடாது என்றார்கள். சிறிய டப்பாவில் பூச்சை மட்டும் கொண்டுபோனேன், கைக்குப் பூசுகிற கிறீம் என்று சொல்லி. நீங்கள் அதை மணந்து பார்த்தீர்கள். பெருவிரலால் கொஞ்சம் வழித்தீர்கள். சன்னத்தைத் தேடி மேசையைத் தடவினீர்கள், போர்வையைத் தடவினீர்கள். ஒன்றும் அகப்படவில்லை. என் கை அகப்பட்டது.

என் சுட்டுவிரலைப் பிடித்து, மூட்டில் இருக்கிற சுருக்கங்களுக்குள் பூச்சை வைத்து அழுத்தினீர்கள். உருட்டிப் பார்த்தீர்கள். மிச்சத்தை வழித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போனீர்கள். பத்து விரலும் முடியும்வரை தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு நான் போகிற நாளெல்லாம் அதுதான் நமக்கு வேலை. தாதிப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, என்ன அன்பு என்று சொல்லிப் போவார்கள். உங்களுக்கு அங்கே மனைவி இல்லை, சரிபார்க்க வேண்டிய ஈயம்தான் இருந்தது. இருந்தாலும் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். நீட்டாமல் என்ன செய்வேன்?

நீங்கள் கண்மூடுமுன் கடைசித் தடவை போனபோது, பத்தாவது விரலை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். யாரோ ஒரு மனிசியைப் பார்க்கிற பார்வை.

"வீட்டிலை உங்களுக்கு ஆர் இதெல்லாம் செய்து தாறவை?"

"என்ரை மனிசன்" என்றேன்.

"கெட்டிக்காரனோ?"

"ஓம். நல்ல கெட்டிக்காரன்."

டப்பாவை மூடி வைத்தீர்கள். பிறகு என் இரண்டு கையையும் சேர்த்து மூடி, என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "அப்ப அவரை விட்டிடாதேங்கோ, பிள்ளை."

விடமாட்டன் என்று சொன்னேன். முகம் தெரியாத ஒருத்தியிடம் நீங்கள் கேட்டு வாங்கிய சொல் அது. போதும், இனி விடு என்று சொல்ல நீங்கள் இல்லை. மகள் அதைச் சொல்கிறாள், பிள்ளையார்கூடச் சொல்வது போலத்தான் இருக்கிறது. விடமாட்டன் என்று அவர்களிடமா நான் சொன்னேன்?