நடுவில் இல்லை, சரிவில்

கப்பலிலிருந்து,
ஞாயிறு காலை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். கடல் சாதுவாக இருக்கிறது; கப்பல் சமையல்காரர்தான் உப்பை அள்ளிக் கொட்டுகிறார். குழாய் ஒழுகல் நின்றதா? சின்னவளுக்கு இருமல் விட்டதா? உங்கள் மின்னஞ்சலில் இரண்டுமே இல்லை. மொத்தமே நாலு வரிதான்.

வெந்நீர் ஊற்றைக் கண்டுபிடித்துவிட்டோம்! கடலடித் தரை இரண்டாக விலகுகிற பிளவின் நடுவிலேயே தேடச் சொன்னார் எங்கள் குழுத் தலைவர். அவர் இதுவரை பார்த்ததெல்லாம் தரை வேகமாக விலகும் கடல்கள். அங்கே பாறைக்குழம்பு மேலாகவே கிடக்கும், ஊற்றுகளும் நடுவிலேயே பீறிடும். கொஞ்ச காலத்தில் புதுக் குழம்பு பொங்கி அவற்றை மூடியும்விடும். இங்கேயோ தரை ஆமை வேகத்தில் விலகுகிறது. குழம்பு கொஞ்சம்தான், அதுவும் ஆழத்தில். உள்ளே இறங்கும் கடல்நீர் அந்த ஆழத்தில் சூடேறி, பாறை வெடிப்பைப் பிடித்துக்கொண்டு, பல கிலோமீட்டர் தள்ளிச் சரிவில்தான் வெளிவரும் என்றேன். உங்கள் கோபம் மாதிரிதான், ஆபீசில் மூண்டு சமையலறையில் ஆவி விடும். (இதை அவரிடம் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.)

கடைசி முறை கடலடியைப் படம்பிடிக்கும் ரோபோவை இறக்கியபோது, தலைவர் அரைமனதாக அதை என் சரிவுக்கு விட்டார். திரையில் கரும்புகை போலத் தண்ணீர் பீறிட்டது. பக்கத்தில் மாடி உயரத்துக்குத் தாதுப் படிவு. குழம்பு வந்து மூடாததால் ஆயிரக்கணக்கான வருடமாக ஓடுகிற ஊற்று! நான் குதித்தேவிட்டேன். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “நீ சொன்ன இடத்துலதாம்மா இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் இருந்து நீயே பாத்துக்க” என்றார்.

விஷயம் அதுதான். புதன்கிழமை சரக்குப் படகு வருகிறது. சொன்னபடி அதில் ஏறி வீட்டுக்கு வரலாம், அல்லது இங்கேயே இருக்கலாம். எனக்கு இருக்கத்தான் ஆசை, மறைக்கவில்லை. தயவுசெய்து “உன் இஷ்டம்” என்று மட்டும் எழுதாதீர்கள். நம் வீட்டில் அதற்குக் ‘கூடாது’ என்று அர்த்தம் என்பது சின்னவளுக்கே தெரியும்.

“இரு” என்றால் இருப்பேன். “வா” என்றால் முணுமுணுத்துக்கொண்டாவது படகேறுவேன். பிள்ளைகளை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பதிலானாலும், நான் இல்லாமல் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதை மட்டும் நீங்கள் இன்னும் சொல்லவேயில்லை.

பிள்ளைகளுக்கு முத்தங்களுடன்,
நீங்கள் பெயர் வைத்த கடல்பூதம்