சரணடைவு என்று நான் வைத்த பெயர்

மோன்டானா
அக்டோபர் 19

அன்பு மகள் மார்லிஸுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, அம்மாவின் முழங்கால் அதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டது. இந்த வருடம் நம் வீட்டில் மான் இறைச்சி கிடையாது, நான் வேட்டைக்குப் போகவில்லை. போனில் நீ ஏன் என்று கேட்டபோது முதுகுவலி என்றேன். அது பொய்.

மே மாதம் நம் மாவட்டப் போலீஸ் தலைவர் ஷெரீப் ஒரு திட்டம் சொன்னார், உனக்கு நினைவிருக்கும். மனசு சரியில்லாதவர்கள் விரும்பினால் துப்பாக்கியைச் சில வாரம் அவர் அலுவலகத்தில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நான் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து, இதுக்குப் பேரு பத்திரமா வைக்கிறது இல்ல, சரணடைவு, இன்னிக்கு வெச்சிக்கிறேம்பான், நாளைக்குத் திருப்பித் தரமாட்டேம்பான் என்றேன். அப்படிக் கைதட்டினார்கள். அந்த ஒரு சொல்லை அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு வீடு வாசலில் நட்டார்கள், திட்டம் படுத்துவிட்டது. பேர் வெச்சே ஜெயிச்சிட்டீங்கப்பா, விஷயத்தப் பேசவே இல்ல என்று நீ சொன்னாய். வெளிநாடு போனதும் உனக்குப் புத்தி மாறிவிட்டது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

செப்டம்பரில் ஒருநாள் காலை உன் ஹால்வர் மாமா தன் மூன்று துப்பாக்கிகளையும் கம்பளியில் சுற்றி வண்டியில் கொண்டுவந்தான். இங்க்ரிட் அத்தை இறந்துபோனதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கொஞ்ச நாள் உன் வீட்டுல இருக்கட்டும்டா, தனியா இருந்தா மனசு ஒரு மாதிரி ஆகுது என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன் மார்லிஸ். பார்த்தும், என்னடா, சரணடைய வந்துட்டியா என்று சிரித்தேன். அவனும் சிரித்து, ஆமா, வெள்ளக்கொடிய மறந்துட்டேன் என்றான். காபி குடித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். வாங்கி வைத்தால் ஊரில் என்ன பேசுவார்களோ என்றுதான் எனக்கு அப்போது மனசில் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவன் தன்னை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். வீட்டுத் தொட்டியில் காஸ் நிரப்ப வந்த ஆள் பார்த்ததால் உயிர் தப்பியது, இப்போது பேசுகிறான். அவன் துப்பாக்கிகள் இப்போதுதான் நம் வீட்டில் பூட்டில் இருக்கின்றன, செத்தபின் வைத்தியம் ஆகியிருக்கும், ஒரு மயிரிழையில் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவ கேட்டிருக்கக் கூடாதாடா என்று அழுதேன். நீ ஊர் முன்னால சொன்ன ஆளு, உன்னத் தலகுனிய வைக்க வேணாம்னுதான் கேக்கல என்றான்.

வியாழக்கிழமை திட்டம் மறுபடி கூட்டத்துக்கு வருகிறது. எதிர்ப்பவர்கள் அந்தச் சொல்லையே மறுபடி பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹால்வரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவன் என்னிடம் கேட்டதை அவன் வார்த்தையிலேயே சொல்வேன், நான் சிரித்ததையும் சொல்வேன். துரோகி என்பார்கள், பெயர் வைத்து ஜெயிக்க என்னிடம் படித்தவர்கள்தானே.

கடவுள் உங்களை நோயற்று வைக்கட்டும். மாமாவுக்குப் போன் செய், எடுக்காவிட்டால் மறுபடி செய், விடாதே.

உன்னிடம் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் காகிதத்தில் கேட்கும்
அப்பா ஆர்ன்