அம்மாவுக்குக் கடைசி மகன்

பெப்ரவரி 3, திங்கள்

உறைபனி. காரின் கதவு இறுகிப்போய்த் திறக்கவில்லை. வேலைக்கு லீவு.

நேற்று அம்மாவின் செத்தவீடு. மண்டபம், பூ, ஐயர், சாப்பாடு, எல்லாம் அண்ணை பார்த்துக்கொண்டார். சனம் நிறைய. கதிரை போதவில்லை.

தம்பி மட்டும் இல்லை.

வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டார்கள். "கடைசிப் பொடியன் எங்க பிள்ளை? தாய்க்குக் கடைசி மகனெல்லோ கொள்ளி வைக்கிறது?" அண்ணையிடம் பதில் தயாராக இருந்தது. "ஜேர்மனியில. பிளைட் கிடைக்கேல்லை."

தம்பி ஜேர்மனியைப் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டான். இதே நகரத்தில், டோர்செட் பார்க்கில் இருக்கிறான், மண்டபத்திலிருந்து ஒரே பஸ். சனிக்கிழமைவரை இருந்தான் என்று எழுதவேண்டும். இப்போது ஆஸ்பத்திரியில், பூட்டிய வார்டில். பொலிஸ் கொண்டுபோய் விட்டது. ஏன் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

இந்த ஊரில் கொள்ளி என்பது ஒரு பட்டன். அண்ணை அழுத்தினார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யாரில் என்று தெரியாமல்.

நாளைக்கு: சட்டி பானை திருப்பிக் கொடுக்க. ஆஸ்பத்திரிக்குப் போன். பால்.

பெப்ரவரி 5, புதன்

பின்னேரம் தம்பியிடம் போனேன். வாசலில் என் கைப்பையை வாங்கி வைத்தார்கள். அவனுக்குப் பெல்ட் இல்லை, சப்பாத்துக்கு நாடா இல்லை. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி நடந்து வந்தான். மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். பேச்சு குழறுகிறது. நாற்பத்தாறு வயது ஆள், கிழவன் மாதிரி.

மெல்ல மெல்லக் கதை வந்தது. அம்மா போன செய்தியை வெள்ளிக்கிழமை நான்தான் போனில் சொன்னேன். அழுதிருக்கிறான். பிறகு வேட்டியைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறான். சனிக்கிழமை காலை, அவனுடைய கட்டடத்துக்கு மருந்து கொடுக்க வரும் உதவியாளர் வந்திருக்கிறாள். புதுப்பிள்ளை. அவளிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான், நாளைக்கு நான் என் அம்மாவை எரிக்கவேண்டும், வேறு யாரும் செய்யக்கூடாது, நான்தான் செய்யவேண்டும் என்று.

"அம்மா செத்திட்டா எண்டு முதல்ல சொன்னனியோ?"

"அவவுக்குத் தெரியும் எண்டு நினைச்சன் அக்கா. எல்லாருக்கும் தெரியும்தானே."

அவள் பயந்து பொலிசைக் கூப்பிட்டிருக்கிறாள். விலங்கு போட்டு லிப்டில் இறக்கினார்களாம்.

"அம்மாக்கு ஆர் வைச்சது?"

"அண்ணை."

"அண்ணை மூத்தவர். அவர் அப்பாக்கெல்லோ வைச்சவர்."

இதில் எது பைத்தியம்? முறை தெரிந்த ஒரே ஆள் இவன்தான்.

வெளியே வரும்போது நர்ஸ் சொன்னாள், சனிக்கிழமையே உங்கள் பெரிய அண்ணனிடம் போனில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டோம் என்று. எதை உறுதிப்படுத்தினீர்கள் என்று கேட்டேன். டொக்டரிடம் கேளுங்கள் என்றாள்.

பெப்ரவரி 6, வியாழன்

தலையிடி. வேலையில் இரண்டு தரம் பிழையாகக் கணக்கெடுத்து ஏச்சு வாங்கினேன். இரவு சமைக்கவில்லை, பாண்.

ரூஜில் இருக்கும் அண்ணைக்குப் போன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை. தாய் இறந்தது உண்மை, மற்றதெல்லாம் அவனுடைய வருத்தம், மனநோயின் பேச்சு, கவனமாக வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"எங்கட முறை இதுதான் எண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவனை அண்டைக்கே விட்டிருப்பினம், அண்ணை."

"ரெண்டு நாளைக்கு உள்ளுக்கு இருப்பான், செத்தவீடு முடிய விடுவினம் எண்டு நினைச்சன். பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து இருக்கேக்க உவன் விழுந்து குளறினால்?"

"தாய் செத்தால் பிள்ளை குளறாதோ?"

மகள் பின்னால் "அப்பா, who is it?" என்று கேட்பது கேட்டது.

"இப்ப எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ."

"சொன்னதை மாத்திச் சொன்னால் என்னை என்னெண்டு நினைப்பினம்?"

அண்ணை கொடியவர் என்றால் எனக்குச் சுகம், திட்டிவிட்டுப் படுக்கலாம். அப்படியும் இல்லை. மாதாமாதம் தம்பிக்கு அரிசி, மா, மீன்ரின் வாங்கிக் கதவடியில் வைத்துவிட்டு வருகிற ஆள். கதவைத் தட்டமாட்டார்.

பெப்ரவரி 8, சனி

தம்பியின் உடுப்பு எடுக்க டோர்செட் பார்க் போனேன். ஒரே ஒரு அறை, ஒரு குசினி. கேத்தில், இரண்டு கோப்பை, ஜன்னலில் காய்ந்துகொண்டிருக்கும் கறிவேப்பிலைக் கன்று. தண்ணீர் விட்டேன். வேட்டி அயன் பண்ணிக் கதிரையில் கிடந்தது. அதைப் பார்த்தபிறகுதான் அழுதேன், ஒரு பாட்டம் நன்றாக.

முன்பு இவன் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக இருந்தவன். அப்போது என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்டால் திகைத்துப்போவான். யாரும் கேட்டதில்லை. இங்கே வந்த முதல் கிழமை முழுக்கக் கதவைப் பூட்டுவதும் திறப்பதும்தான் வேலை. சாவி அவனிடம். இந்த நாலு வருடமாகச் சமைக்கிறான், பஸ்ஸில் போகிறான், சில நாள் குரல்கள் கேட்கும், அன்றைக்குப் படுத்துவிடுவான். அதுவும் ஒரு சீவியம்தான். எனக்கும் படுத்துக் கிடக்கிற நாள் உண்டு. என்னை யாரும் பூட்டுவதில்லை.

எதிர்க்கதவு அன்ரி எட்டிப் பார்த்தார். "தம்பி எப்ப வருவார்? என்ர குப்பையையும் அவர்தான் கொண்டுபோய்ப் போடுறவர். எனக்கு முழங்கால் ஏலாது."

"பொலிஸ் வந்ததைப் பாத்தனீங்களோ அன்ரி?"

"பாத்தனான். பாவம், ஒரு சத்தமும் போடேல்லை. செத்தவீட்டுக்கு நேரமாகுது எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு போனவர்."

பெப்ரவரி 11, செவ்வாய்

கூட்டம். டொக்டர், சமூக சேவையாளர், தம்பியின் கட்டடத்து மனேஜர், அண்ணை, நான். தம்பியைப் பற்றிய கூட்டம், தம்பிக்குக் கதிரை இல்லை.

மனேஜர் சொன்னார், எரிப்பது பற்றிப் பேசிய ஆளைத் திரும்ப எடுக்கப் பயம், மற்றக் குடியிருப்பாளர்களும் இருக்கிறார்கள் என்று. சமூக சேவையாளரிடம் வேறு யோசனை இருந்தது. வடக்கே, இரண்டு மணித்தியாலம் காரில், நீண்டகாலம் வைத்துப் பார்க்கிற இடம். அமைதியானது, நிறைய மரங்கள். அண்ணை தலையாட்டினார். அங்கே தமிழர் ஒருவரும் இல்லை, அதுதான் அவருக்குப் பிடித்த மரம்.

நான் எழும்பி நின்றே பேசினேன். என் ஆங்கிலம் உடைந்தாலும் நிறுத்தவில்லை. எங்களில் தாய்க்குத் தகனம் செய்வது கடைசி மகன். அவன் சொன்னது வருத்தம் இல்லை, கடமை. மரம் பார்க்க அவன் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு கதவு, ஒரு சாவி, வந்து பார்க்கிற ஒரு ஆள். மூன்றும் ஏற்கனவே இருக்கிறது. பறிக்காமல் விட்டால் போதும்.

டொக்டர் அண்ணையைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். ஓம், எங்கட வழக்கம்தான் என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்தபடி. அவ்வளவுதான். அதற்கு எத்தனை நாள்.

டொக்டர் நல்ல மனுசி. விளங்குகிறது என்றார். ஆனாலும் எழுதினது எழுதினதுதான், அழிக்க முடியாது. அந்த எண்ணம் இப்போது இல்லை என்று தம்பியின் வாயாலேயே வரவேண்டும், மனேஜருக்கு முன்னால். வந்தால் வீடு. வராவிட்டால் வடக்கு.

பெப்ரவரி 13, வியாழன்

விடிய விடியப் பனி, கார் எடுக்க முடியவில்லை. பஸ் பிந்தியது. நனைந்த கால்களோடு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்குத் தம்பிக்கும் கதிரை போட்டார்கள். டொக்டர் மெதுவாகக் கேட்டார், அம்மாவை எரிப்பது உங்கள் பொறுப்பு என்று இன்னும் நினைக்கிறீர்களா?

தம்பி என்னைப் பார்த்தான். மனேஜரும் என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை இதே அறையில் அது கடமை என்று கத்தியவள் நான்.

"இல்லை எண்டு சொல்லடா," என்றேன் தமிழில்.

காற்சட்டையைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். இல்லை. அது என்னுடைய வருத்தம். நான் அம்மாவுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

நல்ல முன்னேற்றம் என்றார் டொக்டர். மனேஜர் சிரித்துக் கைகொடுத்தார். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம். அண்ணை கண்ணைத் துடைத்தார்.

வார்டுக் கதவடியில் தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"சரியாச் சொன்னனானோ, அக்கா?"

ஓம் என்றேன்.